கேட்டுட்டு வந்து சொல்றேன்

மருத்துவக் கல்லூரிக்கு அவள் முதல் தடவை விண்ணப்பித்தபோது அவளைக் கவிழ்த்தது ஒரு டிஷ்யூ பேப்பர். மதிப்பெண்ணில் குறை சொல்ல முடியாது. அதெல்லாம் மலை மாதிரி குவித்து வைத்திருந்தாள். மலையைக் கட்டிக்கொண்டு போனவள் கடுகில் தடுக்கி விழுந்தாள்.

அந்தக் கல்லூரியின் நேர்முகத்தேர்வில் ஓர் அறை உண்டு. நடிப்பதற்கென்று வந்த ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். எதிர் நாற்காலியில் நாம் உட்கார வேண்டும். மூலையில் ஒரு தேர்வாளர் வாயைத் திறக்காமல் மதிப்பெண் போடுவார். மருத்துவம் எதுவும் கேட்க மாட்டார்கள். கெட்ட செய்தி ஒன்றை மனுஷத்தன்மையோடு சொல்ல வருகிறதா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். அவளுக்கு வாய்த்தது பூனை. பக்கத்து வீட்டு அம்மா வெளியூர் போகும்போது அவளை நம்பி விட்டுப்போன பூனை காணாமல் போய்விட்டது. அந்த அம்மா திரும்பி வந்திருக்கிறார். விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

இதற்காக அவள் குளியலறைக் கண்ணாடி முன்னால் மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தாள். முன்னால் சாய்வது, குரலைத் தணிப்பது, எதிராளி அழுதால் டிஷ்யூ பேப்பரை உருவி நீட்டுவது, எல்லாம் அத்துப்படி. அன்றைக்கு வரிசை மட்டும் கொஞ்சம் பிசகிவிட்டது. உள்ளே போனாள், உட்கார்ந்தாள், முன்னால் சாய்ந்தாள், டிஷ்யூ பேப்பரை நீட்டினாள்.

அந்த அம்மா பேப்பரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எதுக்கும்மா இது?" என்றார்.

"இப்பத் தேவைப்படும்" என்றாள் அவள்.

மூலையில் இருந்த தேர்வாளருக்கு இருமல் வந்தது. அது இருமல்தான் என்று வீடு வந்து சேரும்வரை அவள் நம்பினாள்.

இடம் கிடைக்கவில்லை. அதை அவள் தாங்கிக்கொண்டாள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்று நாள் போர்வைக்குள் கிடந்ததைத் தாங்குவது என்று ஒப்புக்கொள்கிறவர்கள் ஒப்புக்கொள்ளலாம். அவளால் தாங்க முடியாமல் போனது வேறு. அவளுடைய அம்மா தெருமுனையில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். கால்சட்டையைக் குட்டையாக்குவது, இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது. தெருவில் யாருக்கு இடுப்பு பெருத்தது, யாருக்கு இளைத்தது என்பது அவர்களுக்கே தெரியும் முன்னால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவளுக்கு, மகளுக்கு மருத்துவக் கல்லூரியிலிருந்து நேர்முகத்தேர்வு அழைப்பு வந்திருக்கிறது என்ற சேதி கிடைத்தால் என்ன ஆகும்? தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டாள். தையல் பிரிக்க வந்தவர்கள், பொத்தான் வைக்க வந்தவர்கள், வழி கேட்க வந்தவர்கள்கூட வாழ்த்திவிட்டுத்தான் போனார்கள். அழைப்புக்கும் சேர்க்கைக்கும் நடுவே ஒரு கிணறு இருக்கிறது என்பதை அம்மா கணக்கிலேயே எடுக்கவில்லை.

கிடைக்கவில்லை என்று தெரிந்த மறுநாள், அம்மா கடையைப் பாதியில் பூட்டினாள். "சொன்ன வாயாலேயே போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, திருத்திய துணிகளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒவ்வொரு வீடாக அழைப்புமணியை அடித்தாள். மகள் மாடி ஜன்னலில் நின்று பார்த்தாள். கதவு திறக்கும். அம்மா துணியைக் கொடுப்பாள். ஏதோ சொல்வாள். திறந்தவர்களின் முகம் மாறும். அம்மா சிரித்துக்கொண்டே தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். ஜன்னலில் நின்றவளுக்கு அன்றைக்கு வந்த அழுகை சீட்டுப் போனதற்காக வந்ததில்லை. அம்மாவை இப்படி வாசல் வாசலாக நிற்க வைத்துவிட்டோமே என்று வந்தது.

சித்தப்பா ஆறுதல் சொல்ல வந்தார். அவர் செருப்புக் கடைக்காரர். எந்தக் காலுக்கும் பொருந்துகிற மாதிரி ஏதாவது ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துவிடலாம் என்று நம்புகிறவர். யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆரம்பித்தார். யானை சறுக்கினால்தான் அது சறுக்கல், நம்மைப் போன்றவர்கள் சறுக்கினால் அதற்குப் பெயர் நடை என்று அவள் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சித்தப்பா அலமாரியைத் திறந்தார். பல் டாக்டருக்குப் படிக்கலாமே என்றார். பிறகு கண் கண்ணாடி என்றார். பிறகு மாடு என்றார். அவள் முகம் எதற்கும் மலராததைப் பார்த்துவிட்டு, செடிகொடிகளுக்கு வருகிற நோயைப் பார்க்கவே தனியாகப் படிப்பு இருக்கிறது என்றார். "உனக்கு அதாம்மா சரியா வரும். செடி திருப்பிப் பேசாது" என்று முடித்தார். டிஷ்யூ பேப்பர் கதை அவர் காதுவரை போயிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

வீட்டில் இன்னொரு சங்கடம். சின்ன வயதில் அப்பாவின் கட்டைவிரல் வெட்டுக்கு அவள் ஒரு சுருள் பிளாஸ்திரி முழுவதையும் முழங்கைவரை சுற்றியதிலிருந்து வீட்டில் அவளுக்கு 'டாக்டர்' என்றுதான் பெயர். டாக்டர் சாப்பிட வா, டாக்டர் குப்பையைக் கொண்டுபோய்ப் போடு. இப்போது அது ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்தியது. யாரும் இனிமேல் அப்படிக் கூப்பிடக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டாள். லிஃப்ட் பழுது பார்க்கிற அப்பா சொல்லுக்குக் கட்டுப்பட்ட மனுஷர்தான், ஆனால் வாய் பழகிவிட்டதே. "டா..." என்று தொடங்கி, அம்மாவின் கண்ணைப் பார்த்து, "டா... டாங்க்ல தண்ணி இருக்கா பாரும்மா" என்று முடிப்பார். தண்ணீர்த் தொட்டியை அந்த வீட்டில் அவ்வளவு தடவை யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. கூப்பிட்டபோது குத்தியது போதாதென்று, கூப்பிடாததும் குத்தியது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அந்தக் கல்லூரியின் விதிப்படி ஒருவர் இரண்டு தடவைதான் விண்ணப்பிக்கலாம். இன்னொரு வாய்ப்புதான் அவளிடம் மிச்சம். அதற்கு நடுவில் ஒரு வருஷம் இருந்தது. அந்த வருஷத்தை வீட்டில் உட்கார்ந்து போர்வைக்குக் கொடுப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அதே கல்லூரியில் நடிக்கிற நோயாளிகள் தேவை என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. மாணவர்கள் நிஜ நோயாளிகளிடம் போவதற்கு முன்னால் இவர்களிடம் பேசிப் பழகுவார்கள், தொட்டுப் பார்த்துப் பழகுவார்கள். நடிப்பு தெரிந்திருக்க வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும் என்று போட்டிருந்தது. மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்துவிடுவேன் என்று சபதம் போட்டவள், சபதத்தை நிறைவேற்றினாள். நோயாளியாக நுழைந்தாள்.

பயிற்சிக்கூடத்தில் மெல்லிய தடுப்புகள் வைத்துப் பிரித்த அறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கட்டில், இரண்டு நாற்காலி, கை கழுவும் தொட்டி, கூரையில் ஒரு கேமரா. மேற்பார்வையாளர் முன்னாள் நர்ஸ். சிரித்தால் சம்பளம் பிடித்துவிடுவார்களோ என்று பயப்படுகிற மாதிரி முகம். நடிக்கிறவர்கள் ஒருவரையொருவர் வியாதிப் பெயரால்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். ஒற்றைத் தலைவலி அக்கா ஒருத்தி இருந்தாள். நெஞ்சுவலி அண்ணன் ஒருவர் இருந்தார், தினமும் சாகும் தறுவாய்க்குப் போய்விட்டு மத்தியானம் நன்றாகச் சாப்பிடுவார். அவளுக்குக் கொடுத்தது குடல்வால் அழற்சி. வீட்டில் பெயரே இல்லாமல் போனவளுக்கு வேலையிடத்தில் 'குடல்வால்' என்று ஒரு பெயர் கிடைத்தது.

முதல் நாளே மூக்கு உடைந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவளிடம் ஒரு மாணவன் வந்து என்ன செய்கிறது என்று கேட்டான். அவள் சொன்னாள்: வலி முதலில் தொப்புளைச் சுற்றி ஆரம்பித்தது, பிறகு வலது அடிவயிற்றுக்கு இறங்கியது, பசியில்லை, குமட்டல் உண்டு, அழுத்தி எடுத்தால் அதிகமாகிறது, கருப்பை சார்ந்த காரணங்கள் இருக்க வாய்ப்பில்லை. மாணவன் பேனாவை மூடி வைத்துவிட்டு, நன்றி சொல்லி எழுந்து போய்விட்டான். மேற்பார்வையாளர் வந்தார். நோயாளிக்கு வலிதான் தெரியும், வியாதியின் பெயர் தெரியாது என்றார். தெரிந்ததையெல்லாம் கொட்டுகிற இடம் இது இல்லை என்றார். பிறகு, அவள் முனகுவது பிரசவ வலி மாதிரி இருக்கிறது, அது பக்கத்து அறை என்றார்.

ஆனால் போகப் போக வந்துவிட்டது. சட்டியில் இருக்கிறதோ இல்லையோ அகப்பையில் வந்தது. குடல்வாலோடு சேர்த்து அவளுக்குப் பதவி உயர்வும் கொடுத்தார்கள். காத்திருக்கிற நோயாளி, கெட்ட சேதி கேட்கிற மகள், பரிசோதனை முடிவு தொலைந்துபோன பெண். பேசுகிற வேஷங்கள். எதிரில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் அவளோடு போன வருஷம் வரிசையில் நின்றவர்கள். அவர்கள் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார்கள், அவள் முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற ஆஸ்பத்திரி அங்கி போட்டிருந்தாள். முதல் சில வாரம் அந்த அங்கியைவிடப் பொறாமைதான் உடம்பை அதிகமாக உறுத்தியது. அவர்கள் தடுமாறினால் உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. நல்ல குணம் என்று சொல்லிக்கொள்ள அவளிடம் அந்த நாட்களில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

கொஞ்ச நாளில் பொறாமை போய் சலிப்பு வந்தது. ஏனென்றால் எல்லோரும் ஒரே மாதிரி பேசினார்கள். 'உங்க கஷ்டம் எனக்குப் புரியுது.' பத்தொன்பது வயதுப் பிள்ளை, மீசை சரியாக முளைக்காத முகம், புரிகிறதாம். 'இது உங்களுக்கு எவ்வளவு சிரமமா இருக்கும்னு தெரியுது.' தலையைச் சாய்க்கிற கோணம்கூட ஒன்று. எல்லாம் அவள் குளியலறைக் கண்ணாடியில் பார்த்த அதே கோணம். தான் எவ்வளவு அழகாகப் பொய் சொல்லிப் பழகியிருக்கிறோம் என்பதை அவள் அங்கே உட்கார்ந்து, சம்பளம் வாங்கிக்கொண்டு, பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

எல்லாவற்றிலும் அவளுக்கு எரிச்சலைக் கிளப்பியது ஒரு வாக்கியம். நோயாளி வேஷத்தில் அவள் கேட்பாள்: முடிவு எப்போது வரும்? டாக்டர் எப்போது பார்ப்பார்? உடனே பதில் வரும். 'கேட்டுட்டு வந்து சொல்றேன்.' சொல்லிவிட்டு நாற்காலியில் இன்னும் வசதியாகச் சாய்ந்துகொள்வார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். ஒருவராவது எழுந்ததில்லை. எழுந்து போய் யாரிடம் கேட்பது, எல்லாமே நடிப்பு என்பது அவளுக்கும் தெரியும். ஆனாலும் அந்த அங்கியைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்தால் புத்தி மாறிவிடுகிறது. இல்லாத முடிவுக்காக அவள் நிஜமாகவே காத்திருந்தாள். பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும்போதுகூட, கேட்கப் போனவன் வரவே இல்லையே என்று கோபம் வரும். போகவே இல்லாதவன் எப்படி வருவான் என்று பிறகுதான் உறைக்கும்.

இரண்டாம் தடவை விண்ணப்பித்ததை அவள் வீட்டில் சொல்லவில்லை. மேற்பார்வையாளரிடம் மட்டும் விதிப்படி சொன்னாள். அவர் சரி என்று தலையை ஆட்டி, நேர்முகத்தேர்வில் இங்கே நடிக்கிறவர்கள் யாரும் உட்கார மாட்டார்கள், வெளியிலிருந்து ஆள் வரும் என்று தெரிவித்தார். வாழ்த்து எதுவும் சொல்லவில்லை. வீட்டில் சொன்னால் அம்மா இந்த முறை அடக்கித்தான் வாசிப்பாள், ஆனாலும் அவள் முகம் சொல்லிவிடும். கிடைக்காமல் போனால் மறுபடியும் அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு அம்மா வாசல் வாசலாகப் போக வேண்டும். கிடைத்தால் சொல்லிக்கொள்ளலாம், கிடைக்காவிட்டால் ஒரு பூனை காணாமல் போனது யாருக்கும் தெரியாமலேயே முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

நேர்முகத்தேர்வு அன்று நல்ல உடுப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நோயாளியாக நடிக்கப் போகிறவளுக்கு எதற்கு இஸ்திரி போட்ட சட்டை என்று அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல், காலர் பின்னால் தூக்கியிருந்ததை இழுத்து விட்டாள். படியிறங்கும்போது, பையன் யார் என்று சொல்லிவிட்டால் தேவலை என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுப்பது காதில் விழுந்தது. பையனா, நான் தேடிப்போவது ஒரு கிழவர் கூட்டத்தையம்மா என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

உள்ளே அவளுக்கு வாய்த்த ஆள் நரைத்த தலை, பொருந்தாத கோட்டு. வாசலில் ஒட்டியிருந்த தாளில் விஷயம் இருந்தது: இவருடைய அறுவை சிகிச்சை மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது, நீங்கள் வார்டில் உதவியாளர், அதைச் சொல்ல வேண்டும். அவள் போய் உட்கார்ந்தாள். டிஷ்யூ பேப்பர் பெட்டி மேஜை மேல் இருந்தது. அதை அவள் கையால்கூடத் தொடவில்லை.

விஷயத்தைச் சொன்னாள். தள்ளிப்போய்விட்டது, மன்னிக்க வேண்டும் என்றாள். அதுவரைக்கும் சரி. அவர் கையிலிருந்த தொப்பியைத் திருகினார். என்ன நேர்த்தியாகத் திருகுகிறார் மனுஷர் என்று தொழில்காரி புத்தி முதலில் அதைத்தான் பார்த்தது. விரல் நடுக்கம் பிரமாதம், மூச்சுதான் கொஞ்சம் சீக்கிரம் ஏறுகிறது. பிறகுதான் தான் இங்கே மதிப்பெண் போட வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவர் சொல்லத் தொடங்கினார். தனியாக இருக்கிறாராம். ஒவ்வொரு முறையும் பையைக் கட்டிக்கொண்டு, செடிகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, வெறும் வயிற்றோடு வருகிறாராம். திருப்பி அனுப்புகிறார்களாம்.

உங்க கஷ்டம் எனக்குப் புரியுது என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அந்த வாக்கியம் வாசல்வரை வந்துவிட்டது. ஆனால் ஒரு வருஷமாக அதை எதிர் நாற்காலியிலிருந்து கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவள். சொல்ல முடியவில்லை. அடுத்ததைத் தேடினாள். அதுவும் அப்படித்தான். நல்ல நல்ல வாக்கியங்கள் எல்லாம் வரிசையாக வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின. படித்துப் படித்து வந்தவளிடம் கடைசியில் பேச ஒன்றுமே இல்லை. மூலையில் தேர்வாளர் பேனாவை நிறுத்தினார்.

"அப்ப எப்போதான் செய்வாங்க?" என்று நரைத்த தலைக்காரர் கேட்டார்.

"தெரியலைங்க" என்றாள். அதுதான் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முதல் சொந்த வார்த்தை. தொடர்ந்து, பழக்க தோஷம், அந்தப் பாழாய்ப்போன வாக்கியமும் வந்துவிட்டது. "கேட்டுட்டு வந்து சொல்றேன்."

சொல்லிவிட்டு எழுந்தாள். ஏன் எழுந்தாள் என்றால் அவளுக்கே தெரியாது. பாதி அக்கறை, பாதி தப்பி ஓடும் ஆசை என்று வைத்துக்கொள்ளலாம். கால் எழுந்துவிட்டது, உடம்பு கூடப் போயிற்று. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

நடைகூடத்தில், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, வருகைப் பதிவு எடுக்கிற பெண் ஒரு மேஜையில் இருந்தாள். அவளிடம் போய் நின்றாள்.

"மன்னிக்கணும், அந்த ஐயாவோட ஆபரேஷன் எப்போன்னு தெரியுமா?"

"எந்த ஐயா?"

"அந்த ரூம்ல இருக்கிறவர்."

பதிவுப் பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அவர் நடிக்க வந்தவருங்க."

"தெரியும். ஆனா அவருக்குத் தேதி வேணுமாம்."

அந்தப் பெண்ணுக்கும் என்ன தோன்றியதோ, கையிலிருந்த தாள்களை மேலிருந்து கீழாக ஒரு முறை தேடிப் பார்த்தாள். பாவம், நல்ல மனசுக்காரி. சாப்பாட்டு நேரம்தான் போட்டிருக்கிறது, ஆபரேஷன் பற்றி ஒன்றும் இல்லை என்றாள். அவள் நன்றி சொல்லித் திரும்புவதற்குள், எல்லோரும் அடுத்த அறைக்கு மாற வேண்டிய மணி அடித்துவிட்டது. அறைக் கதவுக்கு வந்தபோது அவளுடைய நாற்காலியில் அடுத்த பையன் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்துகொண்டிருந்தான்.

அத்தோடு முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன தடவை அழுகைக்கு முன்னால் பேப்பர் கொடுத்தாள், இந்தத் தடவை அறையையே காலி செய்துவிட்டாள். முன்னேற்றம்தான். மிச்ச அறைகளில் கேட்டதற்கெல்லாம் ஏதோ பதில் சொன்னாள், என்ன சொன்னாள் என்று நினைவில்லை. எல்லாம் முடிந்து மற்றவர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து விடைபெற்றுக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் படிக்கட்டுப் பக்கம் நின்றாள். வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. கடைசியில் நரைத்த தலைக்காரர் கையில் டீயும் பிஸ்கட்டுமாக வெளியே வந்தார். தொப்பியைத் திருகாமல் தலையில் போட்டிருந்தார்.

அவர் எதிரில் போய் நின்று, "கேட்டேங்க. அவங்களுக்கும் தெரியலையாம்" என்றாள்.

அவர் பிஸ்கட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். எந்த ஆள் இது, எந்த ஆபரேஷன் என்று ஒரு நொடி தேடினார். பிறகு முகத்தில் என்னவோ மாறியது. வேஷத்துக்குள் திரும்பிப் போகிறாரா, வெளியே வருகிறாரா என்று அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை, இத்தனைக்கும் அது அவள் தொழில்.

"சரிம்மா" என்றார். "கதவைச் சாத்திட்டுப் போயிருக்கலாம். ஒரே குளிரு."

அதற்குப் பிறகு அவள் எதையும் எதிர்பார்க்கவில்லை. மறுபடி அங்கியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், வயிற்றைப் பிடித்தாள், முடிவுக்காகக் காத்திருந்தாள். செடி டாக்டர் படிப்பு எங்கே இருக்கிறது என்று சித்தப்பாவிடம் நாசூக்காக விசாரித்தும் வைத்தாள். அவர் பூரித்துப் போனார்.

ஒரு நாள் வேலை முடிகிற நேரம் மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அலமாரிச் சாவியைக் கேட்டார். அங்கிகளைத் துவைக்கப் போட்டுவிட்டுப் போ, அடுத்த மாதத்திலிருந்து வர வேண்டாம் என்றார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேர்முகத்தேர்வில் கூத்தடித்தது இவர் காதுக்கு வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கெஞ்சினாள். தப்பு தன்மேல்தான், தேர்வறையை விட்டு எழுந்து போனது மடத்தனம், அதற்காக இந்த வேலையைப் பறிக்க வேண்டாம் என்றாள். குடல்வாலுக்கு வேறு ஆள் இல்லை என்றாள். வேண்டுமானால் முனகாமல் படுத்துக்கொள்கிறேன் என்றாள்.

மேற்பார்வையாளர் அவள் பேசி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். "நான் என்னம்மா பண்றது" என்றார். "இங்க படிக்கிற பிள்ளைங்களை நோயாளியா வைக்கக் கூடாதுன்னு விதி. ஆபீஸ்லேர்ந்து பேர் அனுப்பிட்டாங்க."

"நான் எங்கங்க படிக்கிறேன்" என்று அவள் மேலும் வாதாடினாள். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு விதி என்றால் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்கிற இடம்வரை போய்விட்டாள். அங்கேதான் நாக்கு நின்றது. மேற்பார்வையாளர் மெதுவாக அவள் விரல்களைப் பிரித்துச் சாவியை எடுத்துக்கொண்டார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேருந்தில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று யோசித்தாள். கெட்ட சேதியைச் சொல்ல ஒரு வருஷம் பயிற்சி உண்டு. நல்ல சேதி சொல்ல எந்த அறையிலும் யாரும் பழக்கவில்லை. வீட்டில் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா யாருடைய கால்சட்டையோ மடியில் போட்டுக்கொண்டு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவள் செருப்பைக் கழற்றாமலேயே நின்று, "அம்மா, என் வேலை போயிடுச்சு" என்றாள்.

அம்மா ஊசியை வைத்துவிட்டு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். போனால் போகட்டும், அது ஒரு வேலையா, நல்லா இருக்கிற பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுப்பது, தனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, கடையில் தனக்கும் ஒரு கை வேண்டியிருக்கிறது, கொஞ்ச நாள் ஓய்வெடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். அவள் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. கேட்க நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டாள்.

"எதுக்கு எடுத்தாங்க?" என்றார் அப்பா.

"அங்க படிக்கிறவங்க அந்த வேலை பார்க்கக் கூடாதாம்ப்பா."

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ எங்கடி அங்க படிக்கிற? அதை அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதானே? கேக்க ஆளில்லைன்னு நினைச்சுட்டாங்களா? வா, நான் வந்து கேக்குறேன்" என்று எழுந்தே விட்டாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து படிக்கிறேம்மா."

அம்மா எழுந்தபடியே நின்றாள். மடியிலிருந்த கால்சட்டை தரையில் விழுந்தது. அப்பா கையைக் கழுவாமல் வந்து மகளின் தலையை இடது கையால் பிடித்துக்கொண்டார். அம்மா பக்கத்தில் வரவில்லை. எப்போது எழுதிப் போட்டாய், எப்போது கூப்பிட்டார்கள், அந்த இஸ்திரி போட்ட சட்டை அன்றைக்கா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "ஏன் எங்கிட்ட சொல்லல?" என்றாள். 

இதற்கு அவள் பேருந்திலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தாள். திடீரென்று சொல்லிச் சந்தோஷப்படுத்தலாம் என்று இருந்தேன் என்பது பதில். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"கிடைக்கலைன்னா நீ திரும்பவும் ஒவ்வொரு வீடா போய் நிப்பியேம்மா. உனக்கு எவ்வளவு அவமானம். அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது."

அம்மா தரையில் கிடந்த கால்சட்டையை எடுத்து உதறினாள்.

"எனக்கென்னடி அவமானம்?" என்றாள். "கடைக்கு வர்றவங்க என்னைக் கேட்டா கேட்டுட்டுப் போறாங்கன்னு சும்மா இருந்திருப்பேன். நீ தெருவுல நடக்கிறப்ப ஒருத்தரும் உன்னை நிறுத்தி, சீட்டு என்னாச்சுன்னு கேட்டுடக் கூடாது. அதைச் சொல்லத்தான் வீடு வீடாப் போனேன்."

அந்த ஒரு வருஷமும் அவள் தெருவில் நடக்கும்போதெல்லாம், யாராவது பிடித்துவைத்துக் கேட்டுவிடுவார்களோ என்று தலை நிமிராமல்தான் நடந்திருக்கிறாள். யாரும் கேட்டதில்லை. வணக்கம் சொல்வார்கள், வெயில் மழை பற்றிப் பேசுவார்கள், வழிவிடுவார்கள். தான் வேகமாக நடப்பதால்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.